துரை வண்டியில் பொடி வாசம்

அத்தான்,

இன்று உச்சி வேளையில் தொழுவத்துக்குள் போய் உங்கள் வண்டியின் மேல் கிடந்த சாக்கை இழுத்தேன். பொடி வாசம் வந்தது. உங்கள் மூக்குப்பொடிதான். கடைப்பொடி போதாதென்று வீட்டில் நெய் தொட்டுத் திரும்பவும் பிசைந்து வைத்துக்கொள்வீர்களே, அந்த வாசம். நீங்கள் போய் ஒரு கோடை முழுசாகக் கழிந்துவிட்டது. உங்கள் பொடி டப்பா உள்வீட்டில் அக்காவின் பெட்டியில் பூட்டிக் கிடக்கிறது. எனக்குத் தும்மல் வந்தது. தும்மிவிட்டுச் சாக்கைப் பிடித்தபடி அப்படியே நின்றேன். பேய்க்குப் பயப்படுகிறவன் நானில்லை என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். அது பக்கத்தில் நாலு பேர் இருக்கும்போது சொல்வது.

சாக்கை ஏன் இழுத்தேன் என்று கேட்பீர்கள். உங்கள் சர்வே ஆபீஸில் எனக்கும் ஓர் இடம் கிடைத்திருக்கிறது, ராதாபுரம் பக்கம். சேரன்மகாதேவியிலிருந்து மாட்டு வண்டியில் போய்வந்தால் பாதி வாழ்க்கை வண்டியிலேயே போய்விடும். உங்கள் மோட்டார் சைக்கிளை ஓட்டட்டுமா என்று அக்காவிடம் கேட்டேன். அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. சோறு வைக்கிறாள், பேசுவதில்லை. அவளைக் குற்றம் சொல்ல முடியுமா? உங்களுக்குப் பிறகு அவளுக்கு நான் ஒருத்தன்தான். ராதாபுரம் போகிற ரோட்டில் அந்த வளைவும் இருக்கிறது.

அந்த வளைவில்தானே துரை செத்தார். தெற்கே பனங்காட்டில் ரோடு அளக்க வந்த வெள்ளைக்காரத் துரை, அவருக்குப் படம் வரைந்து கொடுக்கும் குமாஸ்தா நீங்கள். அவர் மோட்டார் சைக்கிளைப் பற்றி நீங்கள் பேசுவதைக் கேட்டால் நீங்களே வாங்கிக் கொடுத்ததைப் போல இருக்கும். ஒரு மத்தியானம் அவர் அந்த வளைவில் பனைமரத்தில் மோதி அங்கேயே போய்விட்டார். ஆயுசு முடியாமல் செத்தவர் போன இடத்திலேயே நிற்பார் என்பது பனங்காட்டு ஜனங்களின் நம்பிக்கை. உயிரோடு இருந்தபோது அவருக்கு எது பிடிக்குமோ அதைப் படைத்துச் சமாதானம் பண்ண வேண்டும். துரைக்குப் பிடித்தது சுருட்டும் பிராந்தியும். பிராந்திக்கு அவர்கள் எங்கே போவார்கள்? பனைமூட்டில் ஒரு கல்லை நட்டு, சுருட்டோடு சாராயத்தை வைத்துக் கும்பிட்டார்கள்.

உடைந்த வண்டி ஓர் ஒழுகும் கொட்டகையில் மழையில் நனைந்து கிடந்தது. ஏலம் விட்ட அன்று பழைய இரும்பு வியாபாரிகள்கூட ஒதுங்கிக்கொண்டார்கள். நீங்கள் கையைத் தூக்கினீர்கள். மாடசாமியின் மாட்டு வண்டியில் வைக்கோலைப் பரப்பி, பிள்ளைத்தாய்ச்சியைக் கூட்டி வருவதைப் போல அதைக் கொண்டுவந்து இறக்கினீர்கள். மாடசாமி பனங்காட்டுக்காரர். மாட்டை அவிழ்த்துவிட்டு நேரே புறவாசலுக்குப் போய் அக்காவிடம் சொன்னார்.

"அம்மா, துரை அந்தக் கல்லுல இல்ல. இதுலதான் இருக்காரு. கெளம்பும்போது மாடு ரெண்டும் நகரமாட்டேன்னுட்டு. ஒரு சுருட்டப் பத்தவச்சு இதும்மேல வச்ச பொறவுதான் நடந்துச்சு. இதுல ஏறுதவுகள அந்த வளைவுல வச்சு எடுத்துருவாருன்னு எங்க ஊர்ல பேசிக்கிடுதாக."

அக்கா உங்களிடம் வந்து, "எங்கன இருந்து கொண்டாந்தீகளோ அங்கனயே கொண்டு போட்டுருங்க" என்றாள்.

நீங்கள் பொடியை உறிஞ்சிவிட்டுச் சிரித்தீர்கள். "துரை நல்ல மனுசன். எங் கையெழுத்து அழகா இருக்குன்னு சொன்னவரு. என்னைய ஒண்ணும் பண்ணமாட்டாரு."

இஞ்சினைப் பிரித்தபோதுதான் அதன் கோலம் தெரிந்தது. பிஸ்டன் சிலிண்டருக்குள் துருவேறி இறுகிக் கிடந்தது. அதைத் தள்ளும் தண்டு வளைந்திருந்தது. வால்வு கரிந்து, உட்கார வேண்டிய இடத்தில் உட்காரவில்லை. சென்னைக்கு எழுதிப் புது உருப்படிகள் வரவழைக்க உங்கள் சம்பளம் தாங்காது. மண்ணெண்ணெயையும் விளக்கெண்ணெயையும் கலந்து சிலிண்டர் நிறைய ஊற்றி வைத்தீர்கள். ஆபீஸிலிருந்து வந்ததும் வராததுமாக மரச்சுத்தியலால் பைய ஒரு தட்டு. பிஸ்டன் அசைந்தால்தானே! பல நாள் தட்டி அலுத்து, ஒருநாள் நீங்கள் தட்டாமலே விட்டுவிட்டீர்கள். மறுநாள் பார்த்தால் அது தானாகக் கீழே இறங்கியிருந்தது.

"எண்ணெ உள்ள போயிருக்கும் மாப்ளே" என்றீர்கள். அப்படித்தான் இருக்கும் என்று நானும் சொன்னேன். இரண்டு பேரும் அன்று சீக்கிரமாகவே தொழுவத்தை விட்டு வெளியே வந்துவிட்டோம்.

வளைந்த தண்டைக் கொல்லர் நிமிர்த்திக் கொடுத்தார். ஓட்டைச் செம்புக் குடத்தை வெட்டி வளையங்கள் செய்தோம். வால்வுதான் படுத்தியது. சாணை பிடிக்கிறவரிடம் கல்தூள் வாங்கி எண்ணெயில் குழைத்து, வால்வை அதன் இடத்தில் வைத்துத் திருகித் திருகித் தேய்த்ததில் உங்கள் உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. தொழுவத்துப் பக்கமே வரமாட்டேன் என்றிருந்த அக்கா, வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போனாள். மோர் கடையும் மத்துக் கயிற்றைக் கொண்டுவந்து நம் முன்னால் எறிந்தாள். வால்வுத் தண்டில் கயிற்றைச் சுற்றி ஆளுக்கொரு பக்கமாக இழுத்துக் கடைந்தோம். வேண்டாம் என்றவள் எதற்குக் கயிறு கொடுத்தாள் என்று பிறகு அவளிடம் கேட்டேன். "அவுக கை புண்ணாகுதத எம்புட்டு நேரம்லே பாத்துக்கிட்டு நிக்க?" என்றாள்.

பெட்ரோல் தூத்துக்குடியிலிருந்து தகரத்தில் வர வேண்டும். எல்லாம் ஒழுங்காகச் சுற்றுகிறது என்று தெரிந்த பிறகே அதை வாங்குவது என்பதில் நீங்கள் வைராக்கியமாக இருந்தீர்கள். அதுவரை டாங்கி காலி. இதற்கிடையில் வெள்ளிக்கிழமைகளில் தொழுவத்தில் சுருட்டு வாசம் அடித்தது. நானும் கவனித்தேன், நீங்களும் கவனித்தீர்கள். நீங்கள் ஒரு சிட்டிகை பொடி கூடுதலாகப் போட்டுக்கொண்டீர்கள்.

அந்தச் சனிக்கிழமை உச்சிப் பொழுதை நான் மறக்கமாட்டேன். பின்சக்கரம் தரையைத் தொடாதபடி வண்டியைத் தூக்கி நிறுத்தியிருந்தோம். சும்மா சுற்றிப் பார்க்கத்தான் நீங்கள் ஏறி உட்கார்ந்து பெடலை மிதித்தீர்கள். இஞ்சின் ஒரு தடவை இருமியது. அப்புறம் படபடவென்று ஓட ஆரம்பித்தது. நீங்கள் பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டீர்கள். அது நிற்கவில்லை. தொழுவம் முழுக்கச் சுருட்டுப் புகை. நீங்கள் இறங்கினீர்கள். துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டி, கையைக் கட்டிக்கொண்டு வண்டிக்கு முன்னால் நின்றீர்கள். அதைப் பார்த்து நானும் என் துண்டை இடுப்புக்கு இறக்கினேன்.

இஞ்சின் கொஞ்ச நேரத்தில் விக்கி அடங்கியது. வாசலில் அக்கா நின்றிருந்தாள்.

"நாந்தான் ஊத்துனேன்" என்றாள்.

"என்னத்த ஊத்துன?"

"சாராயம். வெள்ளிக்கெழமதோறும் மாடசாமிகிட்ட சொல்லி வாங்கி ஊத்துதேன். தீக்குச்சியக் காட்டுனா பத்துத சாராயமாப் பாத்துத்தான் வாங்கியாரச் சொன்னேன். துரைக்கு மட்டமானதக் குடுக்கக் கூடாதுல்லா."

டாங்கியின் மூடியைக் காட்டி, அதுதான் துரைக்கு வாய் என்று நினைத்ததாகச் சொன்னாள். சுருட்டைப் பற்றவைத்துப் புகைக்குழாயில் செருகினாளாம். முட்டைகூட வாசற்படி ஏறாத நம் சைவ வீட்டில்! மண்ணெண்ணெய் நாற்றத்தில் சாராயம் நமக்குத் தெரியாமலே போயிருக்கிறது. நீங்கள் மாட்டுத்தொட்டியைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தீர்கள். பயம் தெளிந்த சிரிப்பு அது. நானும் சிரித்தேன். அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

"சரி, துரைகிட்ட என்ன வேண்டிக்கிட்ட?" என்று கேட்டீர்கள்.

"ரோட்டுல வச்சு எந் தாலியத் தொடக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டேன்."

"குடுத்துட்டாருன்னு வச்சுக்கோ" என்றீர்கள்.

பெட்ரோல் வந்தது. புகைக்குழாயைச் சுருட்டுக் கரியில்லாமல் துடைத்தோம். ஒருநாள் என்னைப் பின்னால் உட்காரவைத்து ராதாபுரம் ரோட்டில் கூட்டிப்போனீர்கள். களக்காடு தாண்டும்வரை எனக்கு ராஜயோகம்தான். வயல் போய்ச் செம்மண்ணும் பனையும் வந்தன. அந்த வளைவு வந்ததும் இஞ்சின் நின்றுவிட்டது. கூட்டிச் சொல்லவில்லை அத்தான், அந்தக் காட்டில் எப்போதும் ஓலை சலசலத்துக்கொண்டுதான் இருக்கும். அன்று ஓர் ஓலை அசையவில்லை. சுருட்டு வாசம் வந்தது. குழாயோ நாம் துடைத்தது, துரையின் கல்லிலும் பழைய சாம்பல்கூட இல்லை.

நீங்கள் இறங்கவில்லை. கல்லைப் பார்த்து, மேலதிகாரியின் அறைக்கு வெளியே நின்று குரல் கொடுப்பவரைப் போல, "சார், நாந்தான் சார்" என்றீர்கள். கொஞ்சம் பொறுத்துப் பெடலை மிதித்தீர்கள். முதல் மிதியிலேயே இஞ்சின் பிடித்துக்கொண்டது.

"பெட்ரோல்ல தூசி" என்றீர்கள் திரும்பாமலே. இந்தத் தடவை அப்படித்தான் இருக்கும் என்று நான் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ தரம் அந்த வழியாகப் போனீர்கள். ஒவ்வொரு தடவையும் அங்கே நின்று, "நாந்தான் சார்" சொல்லிவிட்டுத்தான் கிளம்புவீர்கள் என்று மாடசாமி சொன்னார். ரோட்டில் உங்கள் மேல் ஒரு கீறல் விழவில்லை. அக்கா வெள்ளிக்கிழமைச் சுருட்டை நிறுத்தவில்லை. நீங்களும் தடுக்கவில்லை.

கார்த்திகையில் காய்ச்சல் வந்து படுத்தீர்கள். ஆற்றங்கரை ஊருக்கே வந்த காய்ச்சல், யாருக்கும் பெரிதாகத் தோன்றவில்லை. அந்த மத்தியானம் நீங்கள் தெளிந்த குரலில் அக்காவைக் கூப்பிட்டு, "துரை வெளிய வண்டியோட நிக்காரு. கூப்பிடுதாரு. போயிட்டு வாரேன்" என்றீர்கள். அவள் ஓடிப்போய் வாசற்கதவைத் தாழ்போட்டு அதன்மேல் சாய்ந்து நின்றுகொண்டாள். நான் புறவாசல் வழியாகத் தொழுவத்துக்கு ஓடினேன். அங்கே யாரும் இல்லை. வண்டி சாக்குக்குள் நின்றது. சாக்கை விலக்கி இஞ்சினைத் தொட்டேன். சுட்டது. வெயிலில் காய்ந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரும்பினேன். விடியற்காலையிலிருந்து மழை பெய்துகொண்டிருந்தது என்பது எனக்கு நடுமுற்றத்தில் நனைந்த பிறகுதான் உறைத்தது. உள்ளே வந்தபோது அக்காவின் சத்தம் கேட்டது.

அவள் அழுது ஓய்ந்த பிறகு என்னிடம் சொன்ன ஒரே பேச்சு இதுதான். "ரோட்டுல வச்சுத் தொடாதேன்னு மட்டும் கேட்டுட்டேனேலே. வீட்டுல வச்சுத் தொடாதேன்னு கேக்க எனக்குத் தோணலையே. துரை சொன்ன சொல்லக் காப்பாத்திட்டாரு." காய்ச்சலில் எத்தனையோ பேர் போனார்கள், அவர்களெல்லாம் துரை வண்டியா ஓட்டினார்கள் என்று கேட்டுப் பார்த்தேன். அவள் எழுந்து போய் உங்கள் பொடி டப்பாவைத் தன் பெட்டியில் வைத்துப் பூட்டினாள்.

இன்று பொடி வாசம் வந்ததும் அவளைத்தான் கூப்பிட்டேன். தனியாக நிற்கப் பயமாக இருந்தது, அதுதான் உண்மை. அவள் வந்து வாசலில் நின்றாள். நீங்கள் போன பிறகு தொழுவத்துக்குள் அவள் கால் வைத்ததில்லை. மூக்கை உறிஞ்சினாள். முகம் மாறிவிட்டது. உள்ளே வந்து, இஞ்சினில் கை வைத்துப் பார்த்தாள்.

"சுருட்டு வாசம் இல்ல" என்றாள். பல நாளுக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

"இல்ல."

"அப்ப துரை எங்கலே போயிருப்பாரு?"

தெரியவில்லை என்றேன். அவள் வண்டியைச் சுற்றி வந்து, பின்னால் இருக்கும் சின்ன இருக்கையைப் பார்த்தாள்.

"இப்ப அவுக ஓட்டுதாக. துரை பின்னால உக்காந்திருப்பாரு" என்றாள்.

உள்ளே போனாள். சாராயம் கொண்டுவரப் போகிறாளோ என்று நினைத்தேன். உங்கள் பொடி டப்பாவோடு வந்தாள். டாங்கியின் மேல் வைத்து மூடியைத் திறந்தாள். கண்ணை மூடிக்கொண்டு வேண்ட ஆரம்பித்தாள். இந்தத் தடவை எதையும் விட்டுவிடக் கூடாது என்று நிதானமாகச் சொன்னாள். என் தம்பிய ரோட்டுல தொடக் கூடாது, வீட்டுல தொடக் கூடாது, ஆத்துல தொடக் கூடாது, தூக்கத்துல தொடக் கூடாது, காய்ச்சல்ல தொடக் கூடாது... சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்திவிட்டாள்.

"உங்ககிட்டப் போய் இதெல்லாம் கேக்கணுமா?" என்று டாங்கியின் மேல் நெற்றியை வைத்து அழுதாள். நானும் அழுதேன் அத்தான். எனக்கு ஆறுதலாக இருந்தது. அதே நேரத்தில், கேட்டு முடித்திருக்கலாமே என்றும் இருந்தது.

வால்வு ஒட்டிக்கொண்டிருந்தது. சாயங்காலம் முழுக்க அதே மத்துக் கயிற்றால் கடைந்தேன். மறுமுனையை அக்கா பிடித்தாள். திங்கட்கிழமை நான் ராதாபுரம் போக வேண்டும். வளைவு வரும்போது உச்சியாகத்தான் இருக்கும். இஞ்சின் அங்கே நிற்கும் என்று எனக்குத் தெரியும். உங்களிடம் கற்றுக்கொண்டதில் மிச்சமாக என்னிடம் இருப்பது அந்த ஒரு வார்த்தைதான். இறங்கமாட்டேன். கல்லைப் பார்த்து, "அத்தான், நாந்தான்" என்பேன். கொஞ்சம் பொறுத்துப் பெடலை மிதிப்பேன்.

அக்கா கதவைத் தாழ்போடாமல் வாசலிலேயே நிற்பாள். என்னைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.