முதலில் கை தூக்கியவர்

புன்னைப்பட்டு,
காஞ்சிபுரம் அருகில்,
20.6.2005

அன்பு மகள் குழலிக்கு அம்மா எழுதுவது.

ஏகாம்பரநாதர் புண்ணியத்தில் நானும் உன் அப்பாவும் இங்கே நன்றாக இருக்கிறோம். நீ நன்றாக இல்லை என்பது உன் கடிதத்தைப் பிரித்ததுமே தெரிந்துவிட்டது. அப்பாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது என்று கேட்காமல் கடிதம் எழுதுகிற பெண்ணா நீ? போனில் பேசலாம்தான். நீ அழுவாய், நான் கத்துவேன், பில்தான் ஏறும். அதனால் பேனாவை எடுத்தேன்.

நீ எழுதியதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா, பார். ஐரோப்பாவில் இருக்கிற நாடுகளெல்லாம் இன்னும் நெருங்கிச் சேர்ந்து ஒரே அரசியல் சட்டத்தின் கீழ் வரலாமா என்று உங்கள் ஹாலந்தில் ஜனங்களைக் கேட்டு ஓட்டு வைத்தார்கள். மாப்பிள்ளை வேல்முருகன் வேண்டும் என்கிற கட்சி. ஆபீஸ் விட்டு வந்து, மழையிலும் வீடு வீடாகப் போய் நோட்டீஸ் கொடுத்தார். அவர் பெண்டாட்டி நீ, வேண்டாம் என்று ஓட்டுப் போட்டாய். அவர் தோற்றுப்போய் உட்கார்ந்திருந்த அன்றைக்கே அதை அவரிடம் சொல்லியும் விட்டாய். உன் சாமர்த்தியத்தை மெச்ச வேண்டும். அன்றிலிருந்து வீட்டில் பேச்சு இல்லை. குழந்தை லில்லியைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்துவிடட்டுமா, திரும்பிப் போகிற எண்ணம் இல்லை என்று கேட்கிறாய்.

அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் இங்கே நடந்த கூத்தைக் கேள். வெட்கமாக இருந்ததால் உனக்குச் சொல்லாமல் வைத்திருந்தேன்.

நம் ஊர்ப் பஞ்சாயத்தை டவுனோடு சேர்த்துவிடலாம் என்று பேச்சு வந்தது. சேர்ந்தால் நல்ல ரோடு வரும், குழாயில் ஆற்றுத் தண்ணீர் வரும். என் தலைவி நாற்காலி போய்விடும். போனால் போகட்டும், ஊருக்கு நல்லது நடந்தால் சரி என்று நானே முன்னால் நின்றேன். டீக்கடையில் கேட்டால் எல்லாரும் தலையை ஆட்டினார்கள். நம் ஊர்க்காரன் டீக்கடையில் எதற்குத்தான் தலையை ஆட்டவில்லை?

மே ஒன்றாம் தேதி கிராம சபை. பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் கூட்டம். டவுன் ஆபீஸிலிருந்து விவரம் சொல்ல வந்தவர் பெரிய புத்தகம் ஒன்றை எடுத்து முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார். ஜனங்கள் துண்டால் விசிறிக்கொண்டு கேட்டார்கள். எதிர்வீட்டில் தறி போட்டிருக்கிற தில்லையம்மாள்தான் எழுந்து என்னைக் கை காட்டினாள். "தெரு லைட்டு எரியலன்னா இப்ப ஜெயம்மா வூட்டுக் கதவ தட்டறோம். அப்பால யார் வூட்டுக் கதவ தட்டணும், சார்?" என்று கேட்டாள். யார் கதவையும் தட்ட வேண்டாம்மா, ஆபீஸில் மனு கொடுத்தால் நம்பர் தருவார்கள், வரிசைப்படி நடக்கும் என்று அவர் மரியாதையாகத்தான் சொன்னார். எனக்கும் அது நல்ல பதிலாகத்தான் பட்டது. கூட்டத்தின் முகம் மாறினதை நான் கவனிக்கவில்லை.

சேர வேண்டாம் என்பவர்கள் கை தூக்கலாம் என்றேன். முதலில் எழுந்த கை யாருடையது தெரியுமா? எனக்குத் தாலி கட்டின கை. நமச்சிவாயமே தூக்கிவிட்டார் என்றதும் மரத்தடி முழுக்கக் கைகள். சேர வேண்டாம் என்ற தீர்மானத்தில் நானே கையெழுத்துப் போட்டேன்.

அதன் பிறகு உன் அப்பாவோடு நான் பேசவில்லை. சொல்ல வேண்டியதை எருமையிடம் சொல்வேன், அவர் காதில் விழும். "உன் எஜமானுக்குப் பசித்தால் சோறு குண்டானில் இருக்கிறது." அதுவும் பாவம், என் முகத்தையே பார்க்கும். ஆனால் அவர் சாப்பிட்டுக் கை கழுவும்போதெல்லாம், இப்போது ஏதாவது சொல்வார் என்று காத்துக்கொண்டுதான் இருந்தேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திண்ணைக்குப் போய்விடுவார்.

ஒருநாள் ஊர்த் தண்ணீர் மோட்டார் ரிப்பேர். நான் உலை வைத்திருக்கிற நேரம் பார்த்துத் தில்லையம்மாள் குடத்தோடு வந்து வாசலில் நின்று தெருவே கேட்கும்படி திட்டினாள். அடுப்பை அணைத்துவிட்டு வாலாஜாபாத்துக்கு ஓடி மெக்கானிக்கை இழுத்து வந்தேன். சாயங்காலம் தண்ணீர் வந்துவிட்டது. அவளே ஒரு குடம் தண்ணீரை நம் வீட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். பார்த்துக்கொண்டிருந்த உன் அப்பா அப்போதுதான் பேசினார்.

"உன்ன வாணாம்னு நான் கை தூக்கலம்மா. நீ இருக்கணும்னுதான் தூக்கினேன். நம்பர் கிட்ட போயி யார் சண்டை போட முடியும்?"

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஊரே என்னை அவமானப்படுத்திவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்களோ என்னை விட்டுவிட மனசில்லாமல் தோற்கடித்திருக்கிறார்கள்.

உங்கள் ஊர் ஜனங்களும் இப்படித்தானோ என்னவோ. பழைய காசை எடுத்துவிட்டு யூரோ என்று புதுக்காசு கொடுத்தபோது எங்களை யாரும் கேட்கவில்லை, காபி விலை ஏறினதுதான் மிச்சம் என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் சொன்னதாக எழுதியிருக்கிறாய். இத்தனை வருஷம் கேட்காமலே எல்லாம் செய்துவிட்டு இப்போது ஒரு கேள்வி கேட்டால், கேட்காததற்கெல்லாம் சேர்த்துத்தான் பதில் வரும். அதற்காக அவர்கள் பக்கத்து நாட்டைப் பகைக்கிறவர்கள் ஆகிவிடுவார்களா?

மாப்பிள்ளை பக்கமும் நியாயம் உண்டு. அந்த நாடுகள் முன்னொரு காலத்தில் அடித்துக்கொண்டு செத்தது போதும் என்று நினைக்கிறவர் அவர். சேர்ந்தால் எதுவும் கை நழுவாது என்று அவர் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். நல்லது என்று நம்பி ஓடித் தோற்றவர் மனசு எனக்குத் தெரியும். ஓடினவர்கள் நாங்கள் இருவரும் விளக்கிக்கொண்டே இருந்தோம். உனக்கு என்ன பயம் என்று ஒருவரையும் கேட்கவில்லை.

உன் பயத்தை எனக்கு எழுதியிருக்கிறாய். லில்லி பள்ளிக்குப் போகிற ரோட்டில் வண்டிகள் பறக்கின்றன என்று அந்த ஊர்க் கவுன்சிலர் அம்மாவிடம் தப்பும் தவறுமாக அவர்கள் பாஷையில் சண்டை போட்டாய். அவள் வந்து பார்த்து, வெள்ளைக்கோடு போட வைத்தாள். அன்றைக்குத்தான் இது என் ஊர் என்று தோன்றியது, அது என்னைவிட்டு எட்டிப் போய்விடுமோ என்று பயந்தேன் என்கிறாய். படித்துவிட்டு அழுதேனடி. இதை மாப்பிள்ளையிடம் சொன்னாயா? வேண்டாம் என்றாய் என்பது மட்டும்தானே அவருக்குத் தெரியும்? தன்னையே வேண்டாம் என்றதாக அவர் எடுத்துக்கொண்டால் யார் குற்றம்?

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். உன் அறையைப் பெருக்கி, பாய் போட்டு வைத்திருக்கிறேன். லில்லியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்ள என் கை தவிக்கிறது. ஆனாலும் இப்போது வராதே.

ஓட்டில் நீ ஜெயித்தவள், குழலி. தோற்றவர் எப்படி முதலில் வந்து பேசுவார்? ஜெயித்தவர்தான் போய்ப் பேச வேண்டும். உன் அப்பா ஜெயித்துவிட்டுச் சும்மா இருந்தார், நான் காய்ந்துபோனேன். நீ அப்படிச் செய்யாதே. இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு எழுந்து போ. பக்கத்தில் உட்கார்ந்து, எனக்கு எழுதினதை அவரிடம் சொல். அதற்குப் பிறகும் இருக்க முடியவில்லை என்றால் ஒரு வார்த்தை எழுது, அப்பாவை மெட்ராஸ் ஏர்போர்ட்டுக்கு அனுப்புகிறேன்.

'இப்போது வராதே' என்பதற்கு மேலே ஒரு வரி எழுதி அடித்திருக்கிறேன். வெளிச்சத்தில் பிடித்துப் படிக்காதே.

பேச்சும் சண்டையுமாக நீங்கள் இருவரும் ஒரே வீட்டில் நீடூழி வாழ வேண்டும்.

உன் அம்மா,
ந. ஜெயம்மாள்