கழற்றிய கதவுகள்

என் அன்புக்கு,

நேற்று தெற்கிலிருந்து வெப்பக்காற்று. அது வந்தால் உயரத்தில் காற்று மெலிந்துவிடும், ஹெலிகாப்டர் தூக்கும் எடை குறைந்துவிடும், உனக்கே தெரியும். நீ கால் முறிந்து கிடந்த பெர்னினா முகட்டுக்குப் போக, விமானி கோர்சின் நான் வடிவமைத்த ஹெலிகாப்டரின் இருக்கைகளை, கதவுகளைக்கூட, எடை குறையக் கழற்றி எறிந்தான்.

"அக்கா, இதை வரைஞ்சது நீங்கதானே? தூக்குமா, சொல்லுங்க. போறேன்."

திரும்பத் திரும்பக் கணக்குப் போட்டேன்.

"அவரையும் ஏத்தினா தூக்காது. ரெண்டு பேரும் விழுவீங்க. போகாதே."

உனக்கு ரேடியோவில் நானேதான் சொன்னேன். சிரித்தாய். "உன் கணக்கு என்னைக்குடி தப்பியிருக்கு?"

விடியும் முன்னே ரேடியோவில் உன் குரல் நின்றுபோனது. இன்று நல்ல குளிர். காற்று கனத்திருக்கிறது. உன்னை எடுத்துவர கோர்சின் கிளம்பிவிட்டான். கதவுகளை நிதானமாக மாட்டிக்கொண்டுதான் போனான்.

உன்
கணக்குக்காரி