ஊதக்கூடாத இடம்

1963 ஜூலை 8, திங்கள்

விருதுநகரிலிருந்து திருத்தங்கல் போகும் பஸ்ஸில் மெஷினை ஏற்றியதும் கண்டக்டர் கேட்டார்: "என்ன நர்ஸம்மா இது, மாவாட்டுறதா?" மூச்சை அளக்கிறது என்றேன். நம்பவில்லை.

ஸ்பைரோமீட்டர் என்று பெயர். தண்ணீர்த் தொட்டிக்குள் ஒரு பித்தளை டிரம் கவிழ்ந்து கிடக்கும். மூச்சை நிறைய இழுத்து, குழாயில் மிச்சமில்லாமல் ஊதினால் டிரம் மேலே எழும்பும். எத்தனை லிட்டர் என்று முள் காட்டும். பட்டாசுத் தூசி நுரையீரலை என்ன செய்கிறது என்று எங்கள் ஆஸ்பத்திரி டாக்டர் ராஜசிங் ஆராய்ச்சி செய்கிறார். ஊதச் சொல்வது என் வேலை. நான் ஊதினால் மூன்று லிட்டர். மாதா கோயில் பாடகர் குழுவில் சும்மாவா நிற்கிறேன்!

ஜூலை 10, புதன்

பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து செலுத்தும் ஷெட்டுக்கு அடுத்த அறையில் மெஷினை வைத்தோம். வெளியே மரத்தடியில் வைக்கலாம் என்றார் டாக்டர். பெண்களுக்கு வேலை கெடக்கூடாது, பக்கத்திலேயே இருக்கட்டும் என்று சொன்னது நான்.

போர்மேன் சங்கிலிமுத்து வாசலிலேயே நின்றார். "சத்தம் போடாதீக நர்ஸம்மா. இங்கன எல்லாமே மெதுவாத்தான்." நானும் மெதுவாக, "ஊதுங்கம்மா" என்றேன். நாற்பது பெண்கள் ஊதினார்கள்.

ஜூலை 12, வெள்ளி

கணக்குப் பார்த்தோம். முப்பத்தொரு பேர் ஒன்றரை லிட்டரைத் தாண்டவில்லை. மாரித்தாய்க்கு ஒன்றேகால்! கல்லுமாதிரி இருக்கிற மனுஷி. டாக்டரின் முகம் சுண்டிவிட்டது.

மூச்சுக் குறைந்தவர்களை ஒன்றாம் தேதியோடு நிறுத்திவிடுவேன் என்று சொல்லித்தான் முதலாளி இந்தச் சோதனைக்கே சம்மதித்தார். தீபாவளி சீசன் தொடங்குகிற நேரம். அறிக்கை வியாழக்கிழமை போக வேண்டும்.

ஜூலை 13, சனி

சோறு இறங்கவில்லை. முப்பத்தொரு வீட்டு அடுப்பை நான்தான் அணைக்கிறேனோ?

ஜூலை 14, ஞாயிறு

பூசை முடிந்ததும் மாரித்தாய் வீட்டுக்குப் போனேன். சேதியை யாரோ சொல்லிக் கேட்பதைவிட நானே சொல்லிவிடலாம் என்று. எங்கே சொல்லவிட்டாள்? "மொதல்ல காப்பி" என்று அடுப்பின் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். ராத்திரித் தூறலில் விறகு நனைந்திருந்தது. ஊதாங்குழலை எடுத்து ஒரே ஊது. அடுப்பு குப்பென்று பிடித்தது. சாம்பல் அத்தனையும் என் வெள்ளைச் சேலையில்.

இதுவா ஒன்றேகால் லிட்டர்?

"ஏம்மா, இந்த ஊதலை அன்னைக்கு ஏன் ஊதலை?"

"கம்பெனிக்குள்ளயா?" அவள் என்னைப் பைத்தியக்காரியைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "அங்கன எப்படி ஊத முடியும்? மருந்து பறந்துரும்லா? வேலைக்குச் சேந்த அன்னைக்கே போர்மேன் சொல்றது அதான். இருமல் வந்தாக்கூட வெளிய போய்த்தான் இருமணும். பதினோரு வருசமாச்சு. அந்த வாசலைத் தாண்டினா மூச்சு தானா அடங்கிரும்."

"நான்தான் ஊதச் சொன்னேனே?"

"நீங்களே குசுகுசுன்னுதான சொன்னீக!"

மடச்சி, மடச்சி! என்னைத்தான் சொல்கிறேன். எழுந்து ஓடத் தோன்றியது. காப்பியைக் குடித்துவிட்டுத்தான் ஓடினேன். கருப்பட்டிக் காப்பி.

ஜூலை 15, திங்கள்

அறிக்கையை டைப் அடித்தே விட்டார்கள். டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"இடம் நீ சொன்ன இடம்தானே, இசபெல்?"

"ஆமாம் டாக்டர். தப்பு என்னுடையதுதான்." காதெல்லாம் சுட்டது. அவர் டைப் அடித்த காகிதங்களை எடுத்து மேஜை டிராயருக்குள் போட்டார். "சரி, நாளைக்கு எங்கே வைக்கலாம்?"

"அடுப்பு இருக்கிற இடத்தில்" என்றேன்.

ஜூலை 16, செவ்வாய்

பள்ளிக்கூடத்து மதிய உணவுச் சமையலறை. வேலை விட்டு ஐந்து மணிக்கு முப்பத்தொரு பேரும் வந்தார்கள். இன்றைக்கு யார் என்னைத் தடுப்பது? "ஈர விறகு! ஈர விறகு! ஊது!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். மாரித்தாய் ஊதியதில் டிரம் துள்ளி, தண்ணீர் டாக்டரின் கால்சட்டை மேல். இரண்டே முக்கால்! அவர் கோபித்துக்கொள்வார் என்று பார்த்தால், விழுந்து விழுந்து சிரிக்கிறார். ஒவ்வொருத்தியாக முப்பது பேர் ஒன்றரையைத் தாண்டிவிட்டார்கள்.

வேலுத்தாய் மட்டும் மூன்று தடவை ஊதியும் ஒன்று இருபது. நாலாவது தடவை இருமல் வந்துவிட்டது. "எனக்கு மட்டும் விறகு ரொம்ப ஈரம் போல, நர்ஸம்மா" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜூலை 19, வெள்ளி

புதுக் கணக்கோடு அறிக்கை நேற்றே போய்விட்டது; முப்பது பேருக்கும் வேலை தப்பியது. வேலுத்தாய்க்கு எக்ஸ்ரே எடுத்தோம். காசநோய். வலது பக்கம், ஆரம்பம்தான். ஊசி போட்டால் குணமாகும் என்கிறார் டாக்டர். நாளையிலிருந்து தொடங்குகிறோம். பழைய கணக்கே போயிருந்தால் முப்பத்தொன்றில் ஒருத்தியாக வீட்டுக்குப் போய் இருமிக்கொண்டிருந்திருப்பாள்.

சாயங்காலம் சங்கிலிமுத்து வந்து ஆஸ்பத்திரி வார்டு வாசலில் நின்றார். "முதலாளிகிட்டப் பேசிட்டேன். குணமாகி வரட்டும். தூசியில்லாம லேபிள் ஒட்டுற ஷெட்ல இடம் இருக்கு." அதையும் மெதுவாகத்தான் சொன்னார்.

அக்டோபர் 15, செவ்வாய்

தீபாவளிக்கு மாரித்தாய் ஒரு பெரிய பட்டாசுச் சரம் கொடுத்தனுப்பியிருக்கிறாள். வேலுத்தாய்க்கு இன்று எண்பத்தெட்டாவது ஊசி. வார்டுக்குப் புகை ஆகாது, சரத்தை அடுத்த ஊரில் வைத்து வெடிக்கச் சொல்கிறார் டாக்டர்.

1964 ஜனவரி 20, திங்கள்

மறுபடியும் அதே சமையலறை. வேலுத்தாய்க்குக் கன்னத்தில் சதை பிடித்திருக்கிறது. குழாயை வாயில் வைத்தாள். அவள் ஊத ஆரம்பித்தாள். டிரம் பாதியில் தயங்கியது. நான் கத்துவதற்கு வாயைத் திறந்தேன். அதற்குள் பின்னாலிருந்து ஒரு சத்தம், ஓடெல்லாம் அதிர:

"ஊது வேலு! நல்லா ஊது! இன்னும் ஊது!"

சங்கிலிமுத்து! கழுத்து நரம்பு புடைக்க நிற்கிறார். அவர் குரலை இவ்வளவு உயரத்தில் யாரும் கேட்டதில்லையாம். மாரித்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். முள் ஏறி ஏறி இரண்டில் போய் நின்றது. வேலுத்தாய் அழுதாள். நானும் கொஞ்சம் அழுதேன்.

போர்மேன் தொண்டையைச் செருமிக்கொண்டு அவள் பக்கத்தில் வந்தார். பழைய குரல் திரும்பிவிட்டது.

"நாளைக்கு லேபிள் ஷெட்டுக்கு வந்துரு, தாயி. ஆனா அங்கன வந்து இப்படி ஊதிறாத."