பட்டாவில் இரண்டாம் வரி

9.6.2003, திங்கள்

மனம் கலங்கினால் முறைப்படி எழுத வேண்டும். இந்த நோட்டில் எழுதப்போகும் என் கருத்துகள், வரிசையாக:

1. கம்ப்யூட்டர்: தப்பை வேகமாகவும் அழகாகவும் செய்யும் கருவி.
2. அரசாங்கம்: கொடி மாறும், தாலுகா ஆபீஸ் மின்விசிறி மாறாது.
3. குத்தகைச் சட்டம்: நிலம் உடையவன் கையைக் கட்டுவதற்கென்றே போட்டது. வேறு எந்த உபயோகமும் இல்லை.
4. (யோசிக்க வேண்டும்.)

கல்யாணம் (சென்னையிலிருக்கும் என் மகன்) நிலத்தை விற்று ஃபிளாட் வாங்கலாம் என்று பட்டா நகல் கேட்டிருந்தான். தாலுகா ஆபீஸ் போனேன். கிளார்க் ரெத்தினம் பொத்தானை அழுத்தினார், தாள் வந்தது. உடையவர்: இராஜாங்கம். குத்தகைதாரர்: பஞ்சநதம்.

பஞ்சநதம் நான். ஒன்றேகால் ஏக்கர் என் தகப்பனார் வழி வந்தது. இராஜாங்கம் முப்பத்திரண்டு வருஷமாக அதில் குத்தகைக்குச் சாகுபடி செய்கிறவன்.

"தலைகீழா இருக்கே" என்றேன்.

"கம்ப்யூட்டர்ல அப்படித்தான் சார் இருக்கு" என்றார் ரெத்தினம். வானிலை சொல்வதுபோல.

நன்றி சொல்லிவிட்டு வந்தேன். எதற்கு நன்றி சொன்னேன்?

10.6.2003

மனைவி பர்வதத்திடம் தாளைக் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தரம் படித்தாள்.

"ஏன்னா, அப்போ இந்த வருஷம் நாமதான் அவாத்துக்கு நெல் அளக்கணுமா?"

"மேட்டூரே திறக்கப்போறதில்லையாம். நெல்லே கிடையாது."

"நல்லவேளை" என்றாள்.

13.6.2003, வெள்ளி

குத்தகை விவசாயிகள் சங்கச் செயலாளர் வைரக்கண்ணு காலையில் வாசலில் நிற்கிறார். அவர்களும் தாலுகாவிலிருந்து புதுப் பட்டியல் எடுத்திருக்கிறார்களாம்.

"உங்க பேரு இருக்கு தோழர். தண்ணி கேட்டுப் போராட்டம். பத்து மணிக்கு மதகுகிட்ட வந்துடுங்க."

இது தவறு, நான் உடையவன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் என்ன நினைப்பார்? சட்டை போட்டுக்கொண்டு போனேன்.

போனவுடன் கையில் கொடியைக் கொடுத்தார்கள். படித்த ஆள் முன்னால் நிற்கட்டும் என்று யாரோ சொல்லிவிட்டார். "உழுதவனுக்கே நிலம்!" என்று கோஷம். முதலிரண்டு முறை உதட்டை மட்டும் அசைத்தேன். மூன்றாம் முறை குரல் வந்துவிட்டது. அதுவும் என்னிடம் படித்த பையன்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு.

14.6.2003

வலது தோள் வலி. கொடிக்கம்பம் பார்ப்பதைவிடக் கனம்.

18.6.2003

இராஜாங்கம் வந்தான். எப்போதும்போல வாசற்படியில் நின்றான். நானும் ஏனோ எழுந்து நின்றுவிட்டேன். இருவரும் நின்றுகொண்டே பேசினோம்.

"வாத்தியாரய்யா, இது என்னங்க கூத்து? குத்தாலத்துல மிராசுதாருங்க கூட்டமாம். எனக்குக் கடுதாசி வந்துச்சு. போனேன். முன்வரிசையில நாற்காலி போட்டு சோடா குடுத்தாங்க."

"என்ன பேசினார்கள்?"

"குத்தகைக்காரங்கள எப்படிக் கெளப்புறதுன்னுதான். நான் கைதட்டிட்டு வந்தேன். எல்லாரும் தட்டுனாங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இவன்தான் யாரையோ பிடித்துப் பெயரை மாற்றியிருப்பானோ? கேட்கத் தைரியமில்லை. நான்காவது கருத்தாக எழுதலாமா? வேண்டாம். எழுதினால் நம்பிவிடுவேன்.

24.6.2003

மனை போட்டு விற்கும் ஆள் ஒருவன் காரில் இராஜாங்கம் வீட்டுக்குப் போயிருக்கிறான் என்று பர்வதம் கேள்விப்பட்டு வந்தாள். தண்ணீர் வராத வயலை நல்ல விலைக்குக் கேட்கிறானாம். காகிதத்தில் உடையவன் இராஜாங்கம். அவன் கையெழுத்துப் போட்டால் போதும், என் நிலம் போயிற்று. கோர்ட்டுக்குப் போக எனக்கு ஆயுள் இல்லை.

செருப்பை மாட்டிக்கொண்டு தாலுகா ஆபீசுக்கு ஓடினேன். ரெத்தினம் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"ஏன் சார் பதறுறீங்க? பதிவான குத்தகைதாரர் இருக்காரு. யாரு வாங்கினாலும் அவர அவ்வளவு சுலபமா எறக்க முடியாது. சட்டம் இருக்குல்ல?"

"யார் அந்தக் குத்தகைதாரர்?"

"நீங்கதான் சார்."

திரும்பும் வழியில் வாய்க்கால் பாலத்தில் இராஜாங்கம் எதிரே வந்தான்.

"அந்த ஆள அனுப்பிட்டேங்க. குத்தகைக்காரரு இருக்காருன்னேன். பேசி எறக்கிடலாம்னான். வருசாவருசம் நீங்க என்னப் பத்தி ஊருல சொல்வீங்களே, அதையே சொன்னேன். 'பாம்பு மாதிரி சுருட்டிக்கிட்டு ஒக்காந்திருக்கான், எந்த சாமி வந்தாலும் எறங்க மாட்டான்'னு." பிறகு பதறிக் கையைக் கூப்பினான். "மாட்டாருன்னுதாங்க சொன்னேன்."

நான் சொன்னதெல்லாம் அவன் காதுக்குப் போயிருக்கிறது. முப்பத்திரண்டு வருஷமாக.

27.6.2003

ரெத்தினம் பழைய கட்டைத் தேடி எடுத்துவிட்டார். நான்கு வருஷத்துக்கு முன் ஊரில் நடந்த பட்டா முகாமில் நாங்கள் கொடுத்த படிவம். இராஜாங்கத்துக்குக் கையெழுத்து மட்டும்தான் வரும். ஆகவே எங்கள் இருவர் பெயரையும் பூர்த்தி செய்தவன்... எழுத்தைப் பார்த்தவுடன் தெரிந்தது. முத்து முத்தாக. என் எழுத்து.

முன்பக்கம் 1, 2 என்று எண்கள் மட்டும். 1 உடையவர், 2 குத்தகைதாரர் என்பது பின்பக்கம் அச்சிட்டிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் பட்டியலை சீனியாரிட்டிப்படி எழுதியே பழகியவன் நான். இராஜாங்கத்துக்கு எழுபத்து நான்கு, எனக்கு எழுபத்திரண்டு. மூத்தவரை முதலில் எழுதியிருக்கிறேன். பின்பக்கத்தைத் திருப்பவில்லை. கேள்வித்தாளைத் திருப்பிப் பார் என்று முப்பத்து நான்கு வருஷம் பையன்களைத் திட்டியவன்!

பர்வதத்திடம் இன்னும் சொல்லவில்லை.

30.6.2003, திங்கள்

திருத்தப் படிவம் எழுதப் போனேன். இராஜாங்கமும் வந்திருந்தார். பெஞ்சில் பக்கத்தில் உட்காரச் சொன்னேன். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். முதல் வரியில் என் பெயரை எழுதினேன்.

ரெத்தினம் என்னை ஜன்னலோரம் அழைத்துத் தணிந்த குரலில் சொன்னார்: "ரெண்டாவது வரிய காலியா விட்டுடுங்க சார். அவரு கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடுவாரு. நிலம் சுத்தமா உங்களுக்கு. எல்லாரும் இப்படித்தான் பண்றாங்க."

நேற்று கல்யாணமும் போனில் இதையேதான் சொன்னான். "அப்பா, இந்த மாதிரி சான்ஸ் திரும்ப வராது."

ஜன்னலோரம் நின்றபடி இராஜாங்கத்தைப் பார்த்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். அவருக்குப் படிவம் படிக்கத் தெரியாது. நான் காலியாக விட்டிருந்தாலும் போட்டிருப்பார்.

திரும்பி வந்து உட்கார்ந்து, இரண்டாம் வரியில் அவர் பெயரை எழுதினேன். தகப்பனார் பெயர், சாகுபடி தொடங்கிய வருஷம், எல்லாம். பின்பக்கத்தை மூன்று தரம் படித்தேன். அவருக்கும் படித்துக் காட்டினேன். "சரிதாங்க" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். ரெத்தினம் என்னைப் பார்த்த பார்வையில் மரியாதை இல்லை.

கல்யாணத்துக்கு நாளை போன் செய்ய வேண்டும். கோபித்துக்கொள்வான்.

மூன்றாவது கருத்து தவறு. ஆறு நாளைக்கு முன் அந்தக் குத்தகைச் சட்டத்தைத் தவிர எனக்கு வேறு துணை இருக்கவில்லை.