அஞ்சாவது படத்துக்கு நான் எழுதிய வரி

அடியே,

இன்று காலை அரியலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். முன்னால் ஒரு சுண்ணாம்புக்கல் லாரி, தார்ப்பாயைப் பேருக்குக் கட்டிக்கொண்டு போனது. தூறல் விழுந்ததும் அந்தத் தூசி நனைந்து ஒரு வாசம் வந்தது பார், அப்படியே உன் வாசம். ஊருக்குப் போய்விட்டுத் திங்கட்கிழமை ஹாஸ்டலுக்கு வருவாயே, அப்போது உன் துப்பட்டா, பை, நோட்டு எல்லாவற்றிலும் இதே வாசம்தான் இருக்கும். கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பக்கத்து சீட்டு அம்மா, "ஏம்மா, கண்ணுல தூசி வுழுந்துருச்சா?" என்று கேட்டார். ஆமாங்க என்றேன்.

தூசி மட்டும் காரணமில்லை. மடியில் போன் இருந்தது. நாம் இரண்டு பேரும் கிறுக்குப் பிடித்துக் கிடந்தோமே அந்த விண்வெளிக் கதை, அதன் பேரில் வருகிற அனிமேஷன் குறும்படங்களின் இரண்டாம் தொகுதி போன வாரம் வந்துவிட்டது. உன் கடைசி வேலை அதில் இருக்கிறது. நீ பார்க்காமல் போய்விட்டாய். நான் பார்த்தேன். உன்னிடம் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன், அதை உடைக்காமல் இனி ஒரு நாளும் தள்ள முடியாது. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

பெரம்பலூர் காலேஜ் ஹாஸ்டல் ஞாபகம் இருக்கிறதா? என்ன கேள்வி கேட்கிறேன் பார். மெஸ்ஸில் புதன்கிழமை காலை ஒரு உப்புமா போடுவார்களே, வெங்காயமும் கிடையாது, கடுகும் கிடையாது. அதைத் தட்டில் கவிழ்த்துப் பார்த்துவிட்டு நீ சொன்னாய்: "கடுகு தாளிக்காத உப்புமாடி இது. பாக்க உப்புமா மாரி இருக்கும், உள்ள உசுரு இருக்காது." அன்றிலிருந்து நாம் பார்த்த ஒவ்வொரு கார்ட்டூனுக்கும் அதுதான் மார்க். வானம் வெறுமையாக இருந்தால் கடுகு தாளிக்காத உப்புமா. மரமெல்லாம் ஒரே மாதிரி இருந்தால் கடுகு தாளிக்காத உப்புமா. நீ சொல்வாய், நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். மற்ற பெண்களுக்கு என்னவென்றே புரியாது.

படிப்பு முடிந்து நான் அரியலூரில் ஒரு ஆபீஸில் சேர்ந்தேன், தினமும் பெரம்பலூரிலிருந்து பஸ். நீ விக்கிரமங்கலத்திலேயே உட்கார்ந்து சென்னை அனிமேஷன் ஸ்டுடியோ ஒன்றுக்குப் பின்னணிக் காட்சி வரைந்து அனுப்பினாய். என்ன வரைகிறாய் என்று கேட்டால், "சொல்லக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கிருக்காங்க புள்ள" என்பாய். நானும் ஒன்றை உன்னிடம் மறைத்தேன். புனைபெயரில் ஒரு பக்கம் ஆரம்பித்து அனிமேஷன் படங்களுக்குத் தமிழில் விமர்சனம் எழுதிக்கொண்டிருந்தேன். கொஞ்சம் பேர் சேரட்டும், பெருமையாகச் சொல்லலாம் என்று இருந்தேன்.

முதல் தொகுதி வந்தபோது எட்டுக் குறும்படம், எட்டு தேசத்து ஸ்டுடியோ. தமிழில் முதல் விமர்சனம் என்னுடையதாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. போகும்போதும் வரும்போதும் பஸ்ஸில் வைத்து, ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டி, சாயங்காலமே எழுதிப் போட்டேன். முந்திவிட்டேன் என்று அப்படியொரு குஷி. பூலாம்பாடியில் இருக்கிற சித்தி மகளுக்குக்கூட அனுப்பிப் பீற்றிக்கொண்டேன். நீ போனில், "பாத்தியாடி?" என்று கேட்டபோது, பார்த்தேன், நன்றாக இருந்தது என்று பொதுவாகச் சொல்லி வைத்தேன். நீ அதற்கு மேல் கேட்கவில்லை. பிறகு, "ஞாயித்துக்கெழம வூட்டுக்கு வா" என்றாய்.

அந்த ஞாயிற்றுக்கிழமையை நான் எப்படி மறப்பேன். மத்தியான வெயில், கரண்ட் வேறு இல்லை. உன் அம்மா வாசல் வேப்பமரத்தடியில் கடலை உடைத்துக்கொண்டிருந்தார். நீ என்னை உட்காரவைத்து, அஞ்சாவது படத்தின் கடைசியில் ஓடுகிற பெயர்ப் பட்டியலை நிறுத்திக் காட்டினாய். எறும்பு எழுத்தில் உன் பெயர்.

"ஏ எரும, இதப் பாத்துட்டு நீயா கத்துவேன்னு எத்தன நாளா ஒக்காந்துருக்கேன் தெரியுமா? நீ என்னடான்னா நல்லாருந்துச்சுங்கற!"

நான் கத்தினேன். கட்டிக்கொண்டேன். ஆனால் அஞ்சாவது படத்துக்கு நான் என்ன எழுதினேன் என்பது எனக்கு வரி பிசகாமல் ஞாபகம் இருந்தது.

நீ விடவில்லை. வந்த விமர்சனங்களையெல்லாம் சேர்த்து வைத்திருந்தாய். "இங்கிலீசுல சுத்தி வளச்சு எழுதியிருக்கானுங்க. நீ படிச்சு அர்த்தம் சொல்லு" என்று போனை என் கையில் திணித்தாய். மறுநாள் உன் டீம் லீடர் கூப்பிடப்போகிறார், அடுத்த தொகுதியிலும் உங்கள் ஸ்டுடியோவுக்கு ஒரு படம் கிடைத்திருக்கிறது, அதை எப்படி வரையப்போகிறாய் என்று கேட்பார், அதற்குள் உலகம் என்ன சொல்கிறது என்று உனக்குத் தெரிய வேண்டும்.

படித்தேன். மூலக்கதையின் பாரத்தைத் தூக்கிச் சுமக்காமல் ஒவ்வொரு தேசமும் தன் இஷ்டத்துக்கு விளையாடியிருக்கிறது என்று ஒருவர் கொண்டாடியிருந்தார். எட்டும் எட்டுத் தினுசு, ஒன்று மலை ஒன்று மடு என்று இன்னொருவர் குறைப்பட்டிருந்தார். பழைய ரசிகர்கள் சிலர், இதெல்லாம் நிஜக் கதையில் சேர்த்தி இல்லை, எதற்கு மெனக்கெட்டுப் பார்க்க வேண்டும் என்று எரிந்து விழுந்திருந்தார்கள். அதற்கு நீ சிரித்தாய் பார், உன் அம்மா கடலையை விட்டுவிட்டுத் திரும்பினார்.

"நம்ம படத்த, கல்யாணப் பத்திரிகையில பேரு போடாத சித்தப்பா மாரின்னு வெச்சுக்க. பேரு இல்லன்னா என்ன, கல்யாணத்துல மொத ஆட்டம் அவருதான்!"

ஒரு வெளிநாட்டுக்காரர் அஞ்சாவது படத்தைப் பற்றித் தனியாக எழுதியிருந்தார். அந்தக் கிரகத்தின் தரை, யாரோ வருஷக்கணக்காக நடந்த தரை மாதிரி இருக்கிறதாம். "இன்னொருக்க படி" என்றாய். படித்தேன். மூன்றாவது தரமும் படிக்கவைத்தாய். பிறகு, "தமிழ்ல ஒண்ணே ஒண்ணுதான் வந்துருக்கு. அத கடைசிக்கு வெச்சிருக்கேன். இன்னும் நானே படிக்கல" என்று திரையைத் தள்ளிக் காட்டினாய்.

என்னுடையது.

ஓடிப்போய்விடலாமா என்று இருந்தது. முதல் படம், இரண்டாவது, மூன்றாவது என்று மெதுவாகப் படித்துக்கொண்டே போனேன். நாலாவது முடிந்ததும் மூச்சு விடாமல் ஆறாவதுக்குத் தாவினேன்.

"அஞ்சு எங்கடி?"

"ம்?"

"நாலுக்கப்பறம் ஆறுக்குப் போயிட்ட. அஞ்சப் படி."

படித்தேன். 'அஞ்சாவது படம், கடுகு தாளிக்காத உப்புமா. மண்ணையே மிதிக்காத யாரோ ஏசி ரூமில் உட்கார்ந்து வரைந்த கிரகம்.'

நீ பாய் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தாய். பிறகு என் முகத்தைப் பார்த்து, "இது நம்ம வார்த்தயாச்சே" என்றாய்.

"ஹாஸ்டல்ல எல்லாருந்தான சொல்லுவாங்க."

"எல்லாரும் எங்க சொன்னாங்க? நான் சொல்லுவேன், நீ சிரிப்ப. நீயா எழுதுன?"

"இல்ல" என்றேன். யோசிக்கக்கூட இல்லை, வாயிலிருந்து தானாக வந்தது. "ஏண்டி, உனக்குப் போயி நான் இப்புடி எழுதுவேனா?" என்று மேலே ஒரு கோபத்தையும் பூசினேன். என்ன நெஞ்சழுத்தம் பார் எனக்கு.

நீ சண்டை போட்டிருக்கலாம். போடவில்லை. அலமாரியிலிருந்து ஒரு பழைய நோட்டை எடுத்துவந்து விரித்தாய். கைவிட்ட சுண்ணாம்புக்கல் மைன்ஸ் குழி, படிப்படியாக வெட்டின வெள்ளைச் சுவர், அடியில் பச்சைத் தண்ணீர், கரையில் சீமைக்கருவேல். சுவரில் கல்லாகிப் போன சிப்பிகள். பஸ்ஸிலிருந்து தினமும் நான் பார்க்கிற குழிதான். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று நின்று வரைந்தாயாம், மூன்று மாசம், பென்சிலில். அதைத்தான் அந்தக் கிரகமாக்கியிருந்தாய். கருவேல முள்ளை நீட்டி நீட்டி அந்த ஊர் மரமாக்கியிருந்தாய்.

"கோவமெல்லாம் இல்லடி. யாருன்னு தெரிஞ்சா ஒண்ணே ஒண்ணு கேப்பேன். எந்த எடம்? எந்த எடத்துல மண்ணு மண்ணா இல்ல? வெளிநாட்டுக்காரனுக்கு நம்ம மைன்ஸ் தெரியாது, எதப் போட்டாலும் ஆகான்னு சொல்லுவான். தமிழ்ல எழுதுன ஆளு இந்தப் பக்கத்து ஆளாக்கூட இருக்கலாம். அவுங்களே மண்ணு இல்லங்கறாங்கன்னா நான் எங்கியோ தப்பு வுட்டுருக்கேன். அது எங்கன்னு தெரிஞ்சா நாளைக்கு டீம் லீடர்ட்ட சொல்லுவேன்."

நான் உன் அம்மா கொடுத்த மோரைக் குடித்தேன். நேரமாகிறது, பஸ் போய்விடும் என்று எழுந்தேன்.

அன்றைக்கே அந்த இரண்டு வரியையும் அழித்தேன். அது உன் கண்ணில் படாமல் இருக்குமா? மறுநாளே போன். "அந்த வரியத் தூக்கிட்டாங்கடி" என்றாய். அப்படியா என்றேன். "தூக்கி என்ன பண்ண, நான் படிச்சுட்டேன்ல. டீம் லீடர்ட்ட பேசிட்டேன். இந்த தடவ மைன்ஸ் வேணாம், எதுக்கு வம்பு. நெட்ல வெளிநாட்டு மலப் படம் கெடக்கு, அதப் பாத்து வரஞ்சர்றேன்" என்றாய். அந்த நிமிஷம் வாயைத் திறந்திருந்தால் போதும். நீ என்னை நாலு திட்டுத் திட்டிவிட்டு நோட்டை எடுத்துக்கொண்டு குழிக்கரைக்குப் போயிருப்பாய். நான், "உன் இஷ்டம்டி" என்றேன்.

அதற்கப்புறம் நீ வரைந்ததெல்லாம் அந்த மலைகள்தான். வேலையை முடித்து அனுப்பின மாசமே காய்ச்சல் என்று படுத்தாய். திருச்சி ஆஸ்பத்திரிக்கு நான் வந்தேன், சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்தேன். உன் அம்மா கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தார். "இப்பதான் கண்ண மூடியிருக்கா சாமி. நாளைக்கு வந்து பேசு" என்றார். எனக்கு அதில் ஒரு நிம்மதி வந்தது பார், அதை நினைத்தால்தான் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. மறுநாள் பேச நீ இல்லை.

இந்தத் தொகுதிக்கும் விமர்சனம் வந்துகொண்டிருக்கிறது. முதல் தொகுதி அளவுக்கு இல்லை என்று சிலர், அதைவிட மேல் என்று சிலர். உன் படத்தைப் பற்றி எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் எழுதியிருக்கிறார்கள். அழகாம், ஆனால் எங்கோ பார்த்த அழகாம். எங்கேயும் பார்த்திராத ஒன்றை நீ மூன்று மாசம் நின்று வரைந்து வைத்திருந்தாய், அதை உன் கையிலிருந்து பிடுங்கிப் போட்டவள் நான் என்று அவர்களுக்கு யார் சொல்வது?

நான் அந்தப் பக்கத்தை மூடிவிட்டேன். ஆபீஸில் யாராவது படம் எப்படி என்று கேட்டால்கூடப் பேச்சை மாற்றிவிடுகிறேன். உன் கேள்விதான் காதில் நிற்கிறது, பல் தேய்க்கும்போது, டிக்கெட் வாங்கும்போது, சட்டென்று. எந்த எடம்? நீ கேட்ட அன்று நான் பதில் சொல்லாதது உனக்குப் பயந்து என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது இல்லை. சொல்வதற்கு என்னிடம் பதில் கிடையாது.

ஆமாடி, நான்தான் எழுதுனேன். எந்த எடம்னு கேட்டியே, ஒரு எடமும் இல்ல. அன்னைக்கு நாலாவது படம் முடியறதுக்கும் அரியலூர் பஸ் ஸ்டாண்டு வர்றதுக்கும் சரியா இருந்துச்சு. சாயங்காலம் திரும்பி வர்றப்ப அவசரத்துல அஞ்ச விட்டுட்டு ஆறுலருந்து போட்டேன். எட்டுக்கும் எழுதணுமேன்னு, அஞ்சாவதோட முகப்புல இருந்த ஒரு சின்னப் படத்தப் பாத்து அந்த ரெண்டு வரிய எழுதுனேன். உன் படத்த நான் பாக்கவே இல்லடி.