நீலச் சைக்கிளை நான்தான் பூட்டினேன்

மச்சான்,

போன வாரம் கடலூருக்கு மிக்ஸி வாங்கப் போனேன். அந்தப் பெரிய கடையின் மேல்மாடியில் தெரியாமல் சைக்கிள்கள் இருந்த பக்கம் நுழைந்துவிட்டேன். சுவரோரம் அட்டைப்பெட்டிகள் சாய்ந்து நின்றன. புது டயரின் ரப்பர் வாசனை மூக்கில் ஏறியது. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைப்பெண் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். பதினோரு வருஷம் ஆகியும் அந்த வாசனை என்னை விடவில்லை.

உன் யாழினியும் என் பவித்ராவும் ஒன்பதாவது சேர்ந்த வருஷம் அது. திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறார்கள். கடலூரில் இருப்பதிலேயே விலை குறைந்த சைக்கிளாக இரண்டு எடுத்தோம். கடையில் பாகங்களைப் பூட்டித் தர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். நான் தயங்கினேன். நீதான், "நாமளே பூட்டிக்கலாம் மச்சான். படம் போட்ட பேப்பரு உள்ளயே இருக்கும்" என்றாய். பெட்டிகளைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு, அவை சரியாமல் இருக்க நாமும் பின்னாலேயே உட்கார்ந்து சிதம்பரம் வந்தோம்.

ஞாயிறு மதியம் என் வீட்டு மாடியில் ஆளுக்கு ஒரு பெட்டியைப் பிரித்தோம். பேப்பரில் இருந்த படம் எறும்பு அளவு. இடது பெடலை எதிர்ப்பக்கமாகத் திருக வேண்டும் என்று தெரியாமல் நீ வெகுநேரம் மல்லுக்கட்டினாய். நம்மிடம் இருந்தது ஒரே ஸ்பேனர். நான் முன்சக்கரத்தை மாட்டி, இரண்டு நட்டையும் கையால் திருகிவிட்டு, ஸ்பேனருக்காகக் காத்திருந்தேன். அதற்குள் ஆபீஸிலிருந்து போன். பேசிவிட்டு வந்து சீட்டைப் பூட்டினேன். முன்சக்கரத்தை முடித்துவிட்டதாகவே நினைத்தேன். பிள்ளைகள் மேலே வந்து நிறம் பார்த்து எடுத்துக்கொண்டார்கள். நீ பூட்டிய சிவப்பு பவித்ராவுக்கு. நான் பூட்டிய நீலம் உன் மகளுக்கு.

மறுநாள் காலை அவர்கள் கிளம்பிப் பத்து நிமிஷம் இருக்கும். மாடியில் அட்டைகளை மடித்துக்கொண்டிருந்தேன். என் பெட்டியிலிருந்து கொக்கி வைத்த ஒரு வாஷர் தரையில் விழுந்தது. நட்டு தளர்ந்தாலும் சக்கரம் கழன்றுவிடாமல் பிடித்துக்கொள்ளும் வாஷர். அதை எடுத்த கையோடு, அந்த நட்டுகளில் ஸ்பேனரை வைக்கவே இல்லை என்பதும் நினைவுக்கு வந்தது.

உன்னிடம் கடைசிவரை சொல்லாத ஒன்று இருக்கிறது. அந்த நொடியில் எனக்கு முதலில் தோன்றியது, நல்லவேளை, பவித்ரா சிவப்பில் போகிறாள் என்பதுதான். அதற்கப்புறம்தான் உன் மகளின் முகம் வந்தது.

எதிர்வீட்டுக்கு ஓடி வந்து உன்னிடம் சொன்னேன். நீ பனியனோடு என் பைக்கின் பின்னால் ஏறினாய். கிள்ளை ரோட்டில் ஒரு வளைவு தாண்டியதும் இரண்டு பேரும் தெரிந்தார்கள். நீலச் சைக்கிளின் முன்சக்கரம் மெல்ல ஆடுவது பின்னாலிருந்தே தெரிந்தது. எதிரே இறால் லாரிகள் வந்துகொண்டிருந்தன. நான் கத்த வாய் எடுத்தேன். நீ என் தோளை அழுத்தினாய்.

"கூப்புடாத மச்சான். திரும்பிப் பாத்தா வுழுந்துடுவா."

ஹாரன்கூட அடிக்காமல் பின்னாலேயே போனோம். யாழினி ஏதோ கதை சொல்லிக்கொண்டு ஒரு கையை விட்டு ஆட்டினாள். என் தோளில் உன் நகம் இறங்கியது. அந்த ரோடு அவ்வளவு நீளம் என்று எனக்கு அன்றுவரை தெரியாது.

ரயில்வே கேட் இறங்கிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் வேகத்தைக் குறைத்துக் காலை ஊன்றினார்கள். நான் வண்டியை நிறுத்துவதற்கு முன்பே நீ குதித்து ஓடி ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டாய். "எறங்கு பாப்பா" என்றாய், சாதாரணமாகப் பேசுகிறவன் மாதிரி. அவள் இறங்கியதும் ஹேண்டில்பாரைத் தூக்கினாய். சக்கரம் அதனோடு வரவில்லை. அது தனியாக நாலடி உருண்டு போய் கேட்டில் முட்டி விழுந்தது.

ரயில் கடந்து போனது. நீ ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டாய். பிறகு என்னைத் தனியாக அழைத்துச் சொன்னாய்: "வூட்ல நான்தான் பூட்டுனேன்னு சொல்லிக்கிறேன். நீ வாயத் தொறக்காத. என்னைன்னா திட்டிட்டு வுட்டுடுவா. உன்ன மன்னிக்க மாட்டா."

நான் வாயைத் திறக்கவில்லை. தங்கச்சி, உன் மனைவி, உன்னைத் திட்டிவிட்டு விடவும் இல்லை. அதற்கப்புறம் காஸ் சிலிண்டரை மாற்றக்கூட உன்னை விட்டதில்லை. சொந்தக்காரர்கள் கூடியிருக்கும் இடத்திலும், புள்ளைய சைக்கிள்ல வெச்சுக் கொல்லப் பாத்த ஆளு என்பாள். நீ சிரித்துக்கொண்டே தண்ணீர் குடிப்பாய். நான் தரையைப் பார்ப்பேன். போன ஐப்பசியில், நெஞ்சு வலி என்று சொன்ன அன்றே போய்விட்டாய்.

கடலூரிலிருந்து திரும்பியதும் நேரே உன் வீட்டுக்குத்தான் போனேன். தங்கச்சி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன், என் மகளை முதலில் நினைத்த அந்த ஒரு நொடியைத் தவிர. அவள் கை நின்றது. என்னைத் திட்டுவாள் என்றுதான் இத்தனை வருஷம் பயந்திருந்தேன். அவள் திட்டவில்லை.

"கடைசி வாரம்கூட அதச் சொல்லித் திட்டுனேண்ணே" என்றாள். கீரையைத் தள்ளி வைத்துவிட்டு, "நீங்க போங்க" என்றாள்.

யாழினி இப்போது கடலூரில் வேலைக்குப் போகிறாள், ஸ்கூட்டியில். பவித்ரா சென்னையில் இருக்கிறாள். சாயங்காலம் ஆறரை ஆனால் நான் வாசலுக்கு வந்துவிடுவேன், உன் மகள் தெருவுக்குள் திரும்பும்வரை உள்ளே போக முடியாது. நேற்று நல்ல மழை. ஏழாகியும் வரவில்லை. எதிர்வீட்டு வாசலில் தங்கச்சியும் குடையோடு வந்து நின்றாள். அன்றைக்கப்புறம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. இரண்டு பேரும் தெருமுனையையே பார்த்துக்கொண்டு நின்றோம். ஸ்கூட்டி விளக்கு தெரிந்ததும் அவள் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நான்தான், யாழினி ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு வீட்டுக்குள் போகும்வரை வாசலிலேயே நின்றேன். யாழினிக்காக நீ பட வேண்டிய பயம் அது மச்சான். இப்போது அதை நான் பட்டுக்கொண்டிருக்கிறேன்.