மச்சான் விட்டுப்போன ரெக்கார்டு

பகல் ஷிப்டுக்குக் கிளம்புமுன், மீஞ்சூர் போயிருந்த மனைவி திரும்பி வந்து பார்க்கச் சவரிமுத்து சீட்டு எழுதினார்.

"லூர்து, நண்டுக் குழம்பு கீது, சுட வச்சிக்கினு சாப்புடு. உங்க அண்ணனோட முப்பதாம் நாள் பூசை விஷயமா மாதா கோயில் உபதேசியார் வருவாரு. காபி குடு."

பேனா நின்றது. அவள் அண்ணன் ஞானப்பிரகாசம் மெட்ராஸ் ஓட்டலில் டிரம்பெட் வாசித்தவர். போன கிறிஸ்துமஸுக்கு ஒரு வெளிநாட்டு ஜாஸ் ரெக்கார்டோடு வந்து, "மாப்ள, ஒரு பக்கமாவது கேளுங்க" என்று கெஞ்சினார். "பேண்டுக்காரன் கூத்தெல்லாம் என் ஊட்டுல வாணாம்" என்றார் சவரிமுத்து. மச்சான் ரெக்கார்டை எடுத்துக்கொண்டு சாப்பிடாமலே போனார். அப்புறம் வரவேயில்லை; போன மாதம் இறந்தும் போனார்.

மச்சான் அறையிலிருந்து வந்த பெட்டியை இன்று காலைதான் சவரிமுத்து திறந்து, அந்த ரெக்கார்டைப் போட்டார். நடுவில் டிரம்பெட் மட்டும் தனியாக அழுதது. ரெக்கார்டு முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து போட்டார்.

"பெட்டிய நான்தான் தெறந்தேன், கோச்சுக்காத. ரெண்டு தபா கேட்டேன். அன்னிக்கி நான் பேசினது தப்பு."

ஆலைச் சங்கு ஊதிவிட்டது. செருப்பை மாட்டியவர் திரும்பி வந்து, சீட்டின் அடியில் இருந்த இடுக்கில் எழுதினார்:

"உங்க அண்ணனும் இப்புடித்தான் வாசிப்பாரா? நான் ஒரு நாளும் கேட்டதில்லையே."